எட்டு வீட்டுப் பல்லழுக்கு

எங்கள் காம்பவுண்டில் எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாய்தான் அழுக்காகும், அது என் வாய். காலையில் ஒரு தரம், படுக்கப் போகும்முன் ஒரு தரம், பல் டாக்டரம்மா கண்ணாடி முன்னால் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்த மாதிரியே பிரஷைச் சாய்த்துப் பிடித்து, ஈறிலிருந்து பல் நுனிக்கு, ஈறிலிருந்து பல் நுனிக்கு என்று தேய்த்து, அதோடு விடாமல் பல்லிடுக்கில் எல்லாம் நூல் விட்டு இழுத்து, உப்புத் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பிவிட்டு நாக்கால் தடவிப் பார்த்தால், கீழ்வரிசை முன்பல்லுக்குப் பின்னால், நாக்கு போய் முட்டுகிற அந்த இடத்தில், அந்த அழுக்கு உட்கார்ந்திருக்கும், நேற்றைக்கு இருந்ததைவிட ஒரு சுற்றுப் பெருத்து, இந்த வீட்டுக்கு நான்தான் மூத்தவள் என்கிற மாதிரி.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் குடியிருக்கிற காம்பவுண்டு எல்லாம் ஒரே மாதிரிதான், இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு, நடுவில் சாக்கடை, கடைசியில் கக்கூஸ், வாசலில் குழாய். சாக்கடை தள்ள ஒரு முறை, கக்கூஸ் கழுவ ஒரு முறை, மோட்டார் போட ஒரு முறை என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு, முடியாதவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் தலையாட்டின நேரத்திலிருந்து அந்த முறை அவர்களுடையது. நான் தலையாட்டுகிற ஆள். பிசிறு வெட்டுகிற வேலையை வீட்டிலேயே எடுத்துச் செய்கிறேன், மூட்டை மூட்டையாக பனியன் வரும், ஒவ்வொன்றிலும் தொங்குகிற நூலைக் கத்தரித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நான்தான் கண்ணில் படுவேன். அதனால் சாக்கடையும் நான்தான், மோட்டாரும் நான்தான், அடுத்த வீட்டுக் குழந்தை பள்ளிக்கூட வேன் ஏறுகிறதா என்று பார்ப்பதும் நான்தான்.

பல்லும் அப்படித்தான் வந்தது. அடுத்த வீட்டு நாகமணி அக்கா, வாயில் வெற்றிலை இல்லாமல் நான் பார்த்ததே இல்லாத அக்கா, சொந்தத்தில் கல்யாணம் என்று விடியற்காலையில் பட்டுச்சேலையோடு வேனுக்கு ஓடினவள், என் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"பூங்கொடி, வண்டிக்காரன் ஆரன் அடிச்சே கொல்றான், பல்லுகூட விளக்கல. எம்பல்லையுஞ் சேத்து நீயே தேச்சுரு கண்ணு."

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவ்வளவுதான் நடந்தது, அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

கல்யாண வீட்டில் வெற்றிலையாக மென்று தள்ளிவிட்டு வந்து இறங்கின அக்காவின் பல் மல்லிகை மொட்டு மாதிரி இருந்தது, வீட்டில் ரசஞ்சோறு தின்றுகொண்டிருந்த என் பல்லில் ஒரு செவப்புக்கோடு ஓடியது. அக்கா என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள், தன் வாயைக் கைக்கண்ணாடியில் பார்த்தாள், "அட, இது நல்லாருக்குதே" என்றாள், உள்ளே போய் இன்னொரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள். அதிசயம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை, பிளந்தவர்களும் பல்லைக் காட்டத்தான் பிளந்தார்கள். சாயப்பட்டறையில் வாட்ச்மேனாக இருக்கிற எதிர்வீட்டு துரைசாமி அண்ணன் அன்றைக்கே வந்து நின்றார்.

"அம்மிணி, நைட்டு டூட்டி முடிச்சு வந்தா கண்ணு சொருகிக்கிட்டுப் போகுது. அதுக்கு மேல பிரஷை வேற புடிச்சுக்கிட்டு நிக்கோணும். உனக்கு ஒண்ணோட ஒண்ணுதானே?"

நான் என்ன சொல்ல? பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததும் தலையாட்டின கணக்குத்தான் என்பது மறுநாள் காலையில் என் வாயில் அடித்த பீடி வாடையில் தெரிந்தது. அந்த வாடை என் வீட்டுக்காரருக்கும் தெரிந்தது.

"உண்மையச் சொல்லு. எப்ப இருந்து பீடி புடிக்கற?"

"நானாங்க? என்னங்க பேசறீங்க?"

"வாயத் தொறந்தா குப்புனு அடிக்குது, நானாங்கறா."

சன்னலுக்கு வெளியே இருந்து துரைசாமி அண்ணன் குரல் கொடுத்தார். "தம்பி, அது என்னோட பீடி. வீணா சந்தேகப்படாதீங்க, தங்கமான பொண்ணு."

என் வீட்டுக்காரர் பெயர் மோகன்ராசு, கம்பெனியில் டெய்லர். விஷயம் புரிந்ததும் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடி முன்னால் போய் நின்று தன் பல்லைப் பார்த்துக்கொண்டார், அவர் பல்லும் பளபளவென்று இருந்தது, "சூப்பர்வைசர்கூடக் கேட்டாரு, என்ன பேஸ்டுன்னு" என்றார். அன்றிலிருந்து அவருடைய பிரஷ் தையல் மெஷினில் பஞ்சு தட்டப் போய்விட்டது. மிச்ச வீடுகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன.

அப்புறம்தான் பல் டாக்டரம்மாவிடம் போனேன். சின்னப் பெண், முகத்தில் மாஸ்க், கண்ணில் தூக்கம். வாயைத் திறந்ததுமே பெருமூச்சு விட்டாள்.

"வெத்தல போடுவீங்களா?"

"இல்லைங்க."

"பீடி, சிகரெட்டு?"

"ஐயோ, இல்லைங்க டாக்டர்."

"ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"ஒண்ணுங்க."

"பொய் சொல்லாதீங்க. இது டீக்கடையே நடத்தின வாய்."

மெஷினை வைத்துச் சுரண்டச் சுரண்ட, தட்டில் விழுந்தது அடுக்கடுக்காக இருந்தது. செவப்பாக நாகமணி அக்கா, அதன்மேல் கருப்பாக துரைசாமி அண்ணன், அதன்மேல் கடைசி வீட்டுப் பையன்களின் சாக்லேட்டு, அதன்மேல் என் வீட்டுக்காரரின் மாலைநேரத்து டீ. ஒவ்வொன்றையும் நான் பெயர் சொல்லி அடையாளம் காட்டினேன். டாக்டரம்மா அந்தத் தட்டை என் பக்கம் தள்ளி, "இதுல உங்களது எது?" என்று கேட்டாள். ஓரத்தில் வெளுப்பாகப் பொடி மாதிரி ஒன்று கிடந்தது. அதைக் காட்டினேன்.

"நல்லாத் தேய்க்கறவங்களுக்கும் கொஞ்சம் படியத்தாங்க செய்யும்," என்றாள். "அழுக்கு மெத்துனு இருக்கறவரைக்கும் பிரஷுக்கும் நூலுக்கும் வந்துரும். எச்சில்ல இருக்கற சுண்ணாம்பு அதுல எறங்கிக் கல்லாயிட்டா வராது, நாங்கதான் எடுக்கணும். எல்லாருக்கும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா வரச் சொல்லுவேன். நீங்க..." மறுபடியும் தட்டைப் பார்த்தாள். "நீங்க வாரா வாரம் வாங்க."

வாரா வாரம் போனேன். போய்விட்டு வந்து வாசல் ஏறுவதற்குள் அடுத்த சுற்று ஏறியிருக்கும். அம்மா வீட்டுக்குத் தீபாவளி நோம்பிக்குப் போனால் அங்கேயும் வந்தது, பஸ் தாராபுரம் தாண்டுவதற்குள் பல்லுக்குப் பின்னால் கெட்டியாகி, அம்மா கொடுத்த முறுக்கை நான் கன்னத்தில் ஊறவைத்துத் தின்றேன்.

காம்பவுண்டு என்னவோ சீக்கிரம் பழகிவிட்டது. மனுசருக்கு எதுவும் பழகிவிடும், மேலே ஃபேன் ஓடுகிறதா என்று யாராவது அண்ணாந்து பார்க்கிறார்களா, அந்த மாதிரி நான் தேய்த்துக்கொண்டிருந்தேன், அவர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். எழுந்ததும் "தண்ணி வந்திருச்சா?" என்று கேட்பவர்கள் "பூங்கொடி பல்லு விளக்கிட்டாளா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். தெருமுனைக் கடைக்காரர் பேஸ்ட் போகவில்லை என்று அந்த இடத்தில் கடலைமிட்டாய் பாட்டிலை அடுக்கினார், அது ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு போகிற வேகத்தில் போனது. நாகமணி அக்காவின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைச் சிரிக்கச் சொன்னார்கள், அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பிலேயே தட்டை மாற்றிக்கொண்டார்கள். அக்கா எனக்கு நன்றி சொல்ல ஒரு டப்பா லட்டு கொண்டுவந்தாள். லட்டு! அதையும் நான்தான் தின்ன வேண்டும், அதையும் நான்தான் தேய்க்க வேண்டும். மாடியில் இருக்கிற ஓனரம்மா லீலாவதி, ஒரு வீடு காலியானதும் வெளிக்கேட்டில் போர்டு மாட்டினாள்: 'வீடு வாடகைக்கு. தனி மீட்டர். உப்புத் தண்ணீர் எந்நேரமும். பல் தேய்க்கத் தேவையில்லை.' சாயங்காலத்துக்குள் பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டார்கள்.

தேய்க்காமல் விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். விட்டும் பார்த்தாயிற்று, வேண்டுமென்று இல்லை, காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் விட்டேன். அன்றைக்கு மத்தியானத்துக்குள் காம்பவுண்டே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றது.

"இப்படிப் படுத்துட்டா எப்படி அம்மிணி?" என்றார் துரைசாமி அண்ணன். "டூட்டிக்குப் போற ஆளுங்க நாங்க."

நாகமணி அக்கா ஒரு படி மேலே போய், பிரஷில் பேஸ்ட்டை வைத்துப் பாயிலேயே கொண்டுவந்து நீட்டினாள், பிள்ளை பெற்றவளுக்குக் காயமருந்து கொடுக்கிற மாதிரி. "கண்ணு, ரெண்டே ரெண்டு இழுப்பு. அக்கா தலையத் தாங்கிக்கறேன்." நான் திரும்பிப் படுத்திருப்பேன். ஆனால் அவளுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்த பிள்ளைகளில் என் பிள்ளையும் இருந்தாள், கன்னம் வீங்கிப் பூரி மாதிரி. எழுந்து உட்கார்ந்து தேய்த்தேன். இது இப்படித்தான், என்னைப் பிடித்து வைத்திருப்பது என் பிள்ளைதான் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

என் பிள்ளை பெயர் சஷ்டிகா. அந்த வருசம்தான் ஒண்ணாப்புப் போனாள், கீழே முன்னால் இருந்த ரெண்டு பால்பல்லும் விழுந்து, புதுப்பல் எட்டிப் பார்த்தது, நுனியெல்லாம் குட்டி ரம்பம் மாதிரி, அவ்வளவு வெள்ளை. இந்தப் பல் இனி விழாது, கடைசிவரைக்கும் இதுதான் என்று சொல்லியிருந்தேன். அதைக் கேட்டதிலிருந்து அவள் அந்த ரெண்டு பல்லையும் நகை மாதிரி பார்த்துக்கொண்டாள். காலையில் என் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, நான் தேய்க்கிற மாதிரியே தேய்ப்பாள், நான் நிறுத்துகிற வரைக்கும் நிறுத்தமாட்டாள், நான் நூல் விட்டால் அவளும் ஒரு நூலை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

ஒரு நாள் தலை பின்னிவிடும்போது கொட்டாவி விட்டாள். பல்லுக்குப் பின்னால் ஒரு செவப்புக்கோடு. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். கொட்டைப்பாக்கு.

நான் போட்ட சத்தத்தில் காம்பவுண்டு கூடிவிட்டது. கூடினவர்கள் பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டுச் சந்தோசப்பட்டார்கள். ஆமாம், சந்தோசம்தான் பட்டார்கள்.

"பரவால்லயே, அம்மாளுக்குத் தொணை வந்திருச்சு!" என்றாள் நாகமணி அக்கா. "ஒத்தையாளா கெடந்து அல்லாடினே, பாவம். இனி ஆளுக்குப் பாதி."

"சின்ன வாயி," என்றார் துரைசாமி அண்ணன், ரொம்ப இரக்கமாக. "பீடியெல்லாம் அம்மா பக்கமே இருக்கட்டும். பாப்பாவுக்கு டீக்கறை மட்டும் போதும்."

"அக்கா, அவ பச்சப்புள்ளைங்க்கா. அவள விட்ருங்க. அவங்கவுங்க பல்ல அவங்கவுங்க தேச்சுக்கங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நான் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் பல்லுக்குப் பின்னால் கல் அடைத்துக்கொண்டு இருந்ததில் பாதி வார்த்தை கொழகொழவென்று வந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள்.

"நாங்களா அவளுக்குக் குடுத்தோம்?" என்றாள் அக்கா. "அதுவாப் போகுது. நல்லாத் தேய்க்கற வாயாப் பாத்துப் போகுது. அதுக்கு நாங்க என்ன பண்றது?"

அவள் சொன்னதுதான் எனக்குள் போய்த் தைத்தது. நல்லாத் தேய்க்கிற வாய். அன்றைக்கு ராத்திரி நான் என் பிள்ளையின் பிரஷை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். காலையில் அவள் விரலால் தேய்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, "தேய்க்காத சாமி, கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்றேன்.

"மிஸ்ஸு தேய்க்கச் சொன்னாங்களே."

"அம்மா வேண்டாங்கறேனில்ல."

"நீ மட்டும் தேய்க்கற?"

வாயில் இருந்த நுரையைத் துப்பிவிட்டு அவள் விரலைக் கழுவிவிட்டேன். எந்த ஊரிலாவது பெற்றவள் பிள்ளையைப் பல் தேய்க்காதே என்று கெஞ்சுவாளா? அவள் தேய்த்தால் எட்டு வீட்டு அழுக்கும் அவள் வாய்க்கு வரும், தேய்க்காவிட்டால் அவளுக்கும் சேர்த்து நான் சாகிறவரைக்கும் தேய்த்தாக வேண்டும், எனக்கப்புறம் எல்லாம் அவள் தலையில். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பேசிப் பாக்கலாம், பொறு" என்றார், பளபளவென்று.

நான் பொறுக்கவில்லை. கடைக்குப் போனேன், கடலைமிட்டாய் பாட்டிலுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்த பிரஷ் பாக்கெட் அத்தனையையும் வாங்கினேன், கடைக்காரர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்தார். நல்ல தண்ணீர் வருகிற நாளுக்காகக் காத்திருந்தேன். உப்புத் தண்ணீர் எங்களுக்கு எந்நேரமும் வரும், குடிக்கிற நல்ல தண்ணீர் என்றைக்கோ ஒரு நாள் கொஞ்ச நேரம் வரும், அன்றைக்கு எட்டு வீடும் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்கும், ஓஸ் பைப்பைக் குடத்தில் விட்டுவிட்டால் நிறைகிறவரைக்கும் யாரும் கையை எடுக்கமாட்டார்கள், இடத்தைவிட்டு நகர்ந்தவர்கள் வரிசை போச்சு. வீடு தீப்பிடித்தாலும் குடத்தை நிறைத்துவிட்டுத்தான் ஓடுவார்கள்.

அன்றைக்கு முதல் ஆள் நாகமணி அக்கா. ரெண்டு கையாலும் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புதுப் பிரஷில் பேஸ்ட்டை வைத்து, சஷ்டியின் தாடையைப் பிடிக்கிற மாதிரி அவள் தாடையைப் பிடித்தேன்.

"ஆ காட்டுங்க."

"என்ன விளையாட்டு இது..."

அவள் பேசத் திறந்த வாயில் பிரஷ் போய்விட்டது. ஈறிலிருந்து பல் நுனிக்கு, ஈறிலிருந்து பல் நுனிக்கு. "நாக்க உள்ள வைங்க. ஆடாதீங்க."

"ஏய், வுடுடி, ஏய், தண்ணி..." நுரை செவப்பாக வழிந்து அவள் கழுத்தில் இறங்கியது. பைப்பை விட்டுவிட்டு என்னைத் தள்ளியிருக்கலாம், ஆனால் பின்னால் நின்றவள் பைப்பை வாங்கத் தயாராகக் கையை நீட்டிவிட்டாள், அதைப் பார்த்துவிட்டு அக்கா பிடியை இறுக்கினாள். வரிசை கெக்கெக்கே என்று சிரித்தது. நான் அக்காவைத் துப்பச் சொல்லி, பல்லிடுக்கில் நூலை விட்டு இழுத்து, முந்தானையால் வாயைத் துடைத்து, அந்தப் பிரஷை அவள் இடுப்பில் செருகிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனதும்தான் சிரிப்பு நின்றது. வரிசை தங்களிடம்தான் வருகிறது என்று எல்லோருக்கும் அப்போதுதான் புரிந்தது.

"அம்மிணி, ஆம்பளையாளு நான், ஊரு பாக்குது," என்றார் துரைசாமி அண்ணன், தோளில் ஒரு குடம், கையில் ஒரு குடம்.

"பாக்கட்டுங்க்ணா. ஆ."

அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. பள்ளிக்கூட வேன் வந்து நின்று, உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாம் சன்னலில் முகத்தை வைத்து, ஒரு வாட்ச்மேன் மீசையெல்லாம் நுரையாகப் பல் விளக்கிவிடப்படுவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் போர்டில் போட்டிருந்ததைச் சொல்லி நியாயம் கேட்டார்கள், அவர்களுக்கும் தேய்த்தேன். மாடியிலிருந்து டிரம்மோடு இறங்கின ஓனரம்மா, "எனக்கேவா? வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவேன்" என்றாள், சொல்லும்போது கடைவாய்ப்பல் வரைக்கும் தெரிந்தது, அங்கேயிருந்தே தொடங்கினேன். என் வீட்டுக்காரர் சட்டென்று திரும்பினார், குடத்தை விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் நின்றார்.

"வேண்டாம், எல்லாரும் பாக்கறாங்க. குடு, குடு, நானே தேய்க்கறேன்."

என் கையிலிருந்து பிரஷைப் பிடுங்கி அவரே தேய்த்தார், அவ்வளவு வேகமாக அவர் மெஷின்கூட ஓட்டினதில்லை. அதைப் பார்த்ததும் வரிசையில் மிச்சம் இருந்தவர்களும் கையை நீட்டினார்கள். "எங்கிட்டக் குடு. எங்கிட்டக் குடு சாமி, நானே பாத்துக்கறேன்."

நாலு பேர் முன்னால் பச்சைப்பிள்ளை மாதிரி வாயைப் பிடித்துக் கழுவிவிடப்படுவது லேசுப்பட்ட விஷயமா? அக்காவின் சம்பந்தி வீட்டுக்குக்கூடச் சேதி போய்விட்டதாம். என்னிடம் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. அடுத்த நாள் கதவைத் திறந்தபோது குழாயடியில் கால் வைக்க இடமில்லை, எட்டு வீடும் முதுகைக் காட்டிக்கொண்டு, கர்கர் என்று, ஆக்கு ஆக்கு என்று, காறித் துப்பி, ஒருத்தர்மேல் ஒருத்தர் நுரையைத் தெறித்து, "தள்ளி நில்லு", "நீ தள்ளி நில்லு" என்று சண்டை. பாத்திரம் கழுவ ஒரு குடம் தண்ணீர் பிடிக்க வந்தவள் நான், குடமும் கையுமாக நின்றுகொண்டே இருந்தேன். இதுவும் எனக்குத்தான் வந்து வாய்க்க வேண்டும்.

சஷ்டி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். குனிந்து, அவள் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, "ஆ காட்டு" என்றேன். செவப்பு இல்லை, கருப்பு இல்லை. ரம்பம் மாதிரி நுனியோடு அந்த ரெண்டு பல், பின்னால் ஓரத்தில் மட்டும் மெத்தென்று ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தில் எடுத்து மோந்து பார்த்தேன். எனக்குத் தெரியாமல் போர்வைக்குள் வைத்துத் தின்றிருந்த தேங்காய் பன்.

"அம்மா, இது யாருது?"

"உன்னோடது."

அவளுக்கு அதில் என்ன பெருமையோ, குழாயடி முழுக்கக் கேட்கிற மாதிரி, "இது என்னோடது!" என்று கத்தினாள். நான் உள்ளே போய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு அவள் பிரஷை எடுத்துக் கொடுத்தேன்.

"அப்ப போய்த் தேய்," என்றேன்.